சோற்றுப்பசையில் ஒட்டிய முத்திரைகள்

தண்ணீரில் ஊறிய பழைய பசைக்கு ஒரு வாசனை உண்டு; கொஞ்சம் புளித்த கஞ்சி, கொஞ்சம் ஈரக் காகிதம், அதோடு எங்கள் வீட்டு யன்னலால் எந்நேரமும் வந்துகொண்டிருந்த துறைமுகத்து எண்ணெய்க் காற்றும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா குசினியிலிருந்து எனாமல் பேசினைத் தூக்கிவந்து மேசையில் வைத்து, கடித உறைகளிலிருந்து வெட்டியெடுத்த மூலைகளை அதில் மிதக்கவிடுவார். கழன்று வரும் தபால் முத்திரைகளைச் 'சாமணம்' என்ற சிறு இடுக்கியால் பக்குவமாகத் தூக்கிப் பழைய பத்திரிகையில் காயவைப்பது என் வேலை. தம்பி பக்கத்திலிருந்து பூதக்கண்ணாடியால் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் 'கிளாக்கர்', அதாவது எழுத்தர். கப்பல்களுக்கு மீனும் மரக்கறியும் கொண்டுபோகும் வள்ளக்காரர் லத்தீப் காக்கா, அக்கரையிலுள்ள கிண்ணியாவைச் சேர்ந்தவர், அப்பாவின் சிநேகிதர். நங்கூரம் போட்ட கப்பல்களில் ஏறி இறங்கும் அவர், மாலுமிகள் வீசியெறியும் கடித உறைகளையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடுப்பார். ஹெல்வேசியா என்று எழுதிய முத்திரையை வைத்துக்கொண்டு நானும் தம்பியும் உலகப்படத்தில் அந்த நாட்டைத் தேடிக் களைத்துப்போனபோது, அது சுவிற்சர்லாந்து தன்னைத்தானே அழைக்கும் பெயர் என்று சொல்லி அப்பா சிரித்தது நினைவிருக்கிறது. அல்பத்தில் பசை படவே கூடாது என்பது அவருடைய சட்டம். "பசை பட்டால் முத்திரை செத்துப்போச்சு" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஊர் கலங்கியது. லத்தீப் காக்காவின் முஸ்லிம் ஆட்களும் எங்கள் தமிழ் ஆட்களும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவே பயந்த காலம் அது. இந்தியாவுக்குப் படகேறுவதென்று முடிவானதும், அப்பா அல்பங்களைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனார். பயத்தில் அவருடைய கையை விடாமல் நானும் போனேன். லத்தீப் காக்கா சாக்கை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "கிளாக்கர், நீங்க புள்ளைகளப் பாருங்க. இத நான் பாத்துக்குவன்" என்றார்.

இந்தியாவில், அகதி முகாமில் அப்பா முத்திரைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மாதான் சில வேளைகளில், "அதுகளை இப்ப கறையான் திண்டிருக்கும்" என்று பெருமூச்சு விடுவார்.

சில வருடங்கள் கழித்துத் திரும்பிவந்தோம். கூரையில்லாத வீட்டைத் தகரத்தால் மூடிக்கொண்டு இருந்தபோது ஒருநாள் லத்தீப் காக்கா வந்தார். அந்தக் காலத்தில் கிண்ணியாவிலிருந்து வருவதென்றால் 'பாதை'யில்தான், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல மெல்ல நீரைக் கடக்கும் அந்த மிதவையில்தான், வரவேண்டும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டிய பொதியை அவர் அவிழ்த்தபோது அல்பங்கள் கொடுத்தபடியே இருந்தன. அவற்றோடு பிள்ளைகள் படம் கீறும் பெரிய சித்திரக் கொப்பி ஒன்றும் இருந்தது.

நாங்கள் இல்லாத காலம் முழுவதும் அவர் சேர்ப்பதை நிறுத்தவில்லை. வந்த முத்திரைகளையெல்லாம் அந்தக் கொப்பியில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் நாட்டின் பெயரையும் தந்தவனின் அடையாளத்தையும் எழுதியிருந்தார். 'பானாமா, பல்லில்லாத சமையல்காரன்.' 'கிறீஸ், அழுதுகொண்டிருந்த பொடியன்.' அப்பா ஒரு முத்திரையின் ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"காத்துக்குப் பறந்திரும் எண்டு பயம் கிளாக்கர். சோத்துப்பசையால நல்லா ஒட்டிட்டன்" என்றார் லத்தீப் காக்கா பெருமையோடு.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் ஏதோ விழுந்தது போலிருந்தது. பிறகு, "வடிவா ஒட்டியிருக்கிறீங்கள் லத்தீப்" என்றார்.

சில முத்திரைகளின் கீழே ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தது. "இதுகள் எந்த நாடெண்டு ஒருத்தனுக்கும் விளங்கல்ல. நீங்க வந்தாக் கேப்பம் எண்டு விட்டு வெச்சன்" என்று அவர் பேனாவை எடுத்தார். அப்பா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சுவோமி என்றால் பின்லாந்து; மகியார் என்றால் ஹங்கேரி. அம்மா தேத்தண்ணி வைத்து, அது ஆறி, மறுபடியும் சூடாக்கிக் கொடுத்தார். கடைசிப் 'பாதை' போய்விடும் என்ற பயத்தில்தான் லத்தீப் காக்கா எழும்பினார். பிறகு தம்பி அந்த முத்திரைகளை ஊறவைத்துக் கழற்றப் பார்த்தபோது, அப்பா முதல்தடவையாக அவனுக்குக் கை ஓங்கினார்.

சுனாமியாகக் கடல் வந்த அந்தக் காலையில் லத்தீப் காக்காவும் போனார், அவருடைய வீடும் போனது. அப்பா கிண்ணியாவுக்குப் போய் அவருடைய மகளைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்து, அல்பங்களும் கொப்பியும் இருந்த அலுமாரியை நெடுநாள் திறக்கவேயில்லை.

போன மாரியில் அப்பாவும் காலமானார். கனடாவிலிருக்கும் தம்பி தொலைபேசியில், "அக்கா, ஒருக்கா வடிவாப் பாருங்கோ, அருமையானது ஒண்டு கிடந்தாலும் கிடக்கும்" என்று சொன்னதிலிருந்து, கந்தோர் வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் முத்திரைகளைப் பார்ப்பதுதான் வேலையாகிவிட்டது. கழுத்து வலிக்கிறது. அரசர்கள், பறவைகள், விண்வெளி வீரர்கள், இல்லாமலே போய்விட்ட தேசங்கள் எல்லாம் கண்ணில் நீந்துகின்றன. வில்லையை வைத்து அச்சுப் பிழை தேடுகிறேன், நீர்க்குறி தேடுகிறேன். தேடுவது எது என்பதே சில வேளை மறந்துவிடுகிறது.

கடைசியில் தம்பி ஒழுங்கு செய்து கொழும்பிலிருந்து ஒரு முத்திரை வியாபாரி வந்தார். மரியாதையான இளைஞர். அல்பங்களைப் பொறுமையாகப் பார்த்துச் சிலவற்றை ஒதுக்கினார். அபூர்வமானது ஒன்றுமில்லை, ஆனாலும் நல்ல சேகரிப்பு, மொத்தமாக எடுக்கிறேன் என்றார். சித்திரக் கொப்பியை மட்டும் தள்ளிவைத்து, "இது சரிவராது அக்கா, பசை எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டுது" என்றார். அவர் சொன்னது சரிதான். தம்பியிடம் கேட்டுவிட்டு, அல்பங்களைக் கொடுத்தனுப்பினேன். அலுமாரித் தட்டு வெறுமையானபோது எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை கொப்பியைக் கொண்டு பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனேன். லத்தீப் காக்காவின் மகள் ஜெசீமாவுக்கும் என் வயதுதான். கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு எதிரே இருந்து கொப்பியை விரித்தவள், வெகுநேரம் முத்திரைகளைப் பார்க்கவில்லை. கீழேயிருந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள்.

"எங்கட வாப்பாட ஒரு போட்டோவும் இல்ல எங்கக்கிட்ட" என்றாள். "அவர்ர எழுத்தும் இல்ல. ஐடென்டிட்டிக் கார்டக்கூட கடல் உடல்ல."

பிறகு பல்லில்லாத சமையல்காரனை வாசித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத நான் வெச்சிக்கட்டா?" என்று கேட்டாள்.

"உங்கட சாமான்தானே" என்றேன்.

இப்போது அங்கே 'பாதை' இல்லை; நீளமான பாலம் இருக்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் கடிதம் எழுதுகிறவர்களும் இல்லை, மாலுமிகளிடம் கடித உறை கேட்டுக் கயிற்றேணியில் ஏறுகிறவர்களும் இல்லை. திரும்பும்போது யன்னலோர இருக்கை கிடைத்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றுதான் இருந்தேன். பஸ் பாலத்தில் ஏறியது தெரியும். கண்ணைத் திறந்தபோது திருகோணமலை வந்து, எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.