காய்ச்சல் என்று எழுதிய லீவு

ஞானபூரணம் அக்கா பொய்யே எழுதாதவள் என்று மில்லில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று எழுதினாள். அது என் கண் முன்னால்தான் நடந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற ரோட்டில் எங்கள் நூல் மில். இருபத்திரண்டு வருஷமாக அங்கே லீவுப் பதிவேடு அக்கா கையில். ஒருநாள் ஷமீரா வந்து அழுதாள். இரண்டு தடவை கலைந்து, இது மூன்றாவது கர்ப்பம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். ஏழாம் மாசத்துக்கு முன்னால் வெளியே தெரிந்தால் கண்பட்டுவிடும் என்று மாமியாருக்குப் பயம். எங்கள் ஊரில் எந்த வீட்டில்தான் இந்தப் பயம் இல்லை? அக்கா யோசித்து, காரணம் 'காய்ச்சல்' என்று எழுதினாள். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன்.

அடுத்த மாசமே ஒரு ஷிப்டை நிறுத்துகிறார்கள், நாற்பது பேர் வெளியே என்று அறிவிப்பு வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போக வேண்டும். பட்டியலில் ஷமீரா இருந்தாள். வளைகுடாவிலிருந்து வேலையில்லாமல் திரும்பிய புருஷனோடு அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கர்ப்பிணியை நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதிவேட்டில் அவள் காய்ச்சல்காரி அல்லவா! அவள் பெயரை எடுத்தால் அடுத்த பெயர் பட்டியலுக்குள் வரும். அது நான், ஜெஸ்லின்.

மறுநாள் காலை அக்கா மேனேஜர் அறைக்குப் போனாள். கையெழுத்து வாங்கப் போயிருந்த நான் கதவருகே நின்றேன்.

"சார், ஷமீரா மாசமா இருக்கா. காய்ச்சல்னு எழுதுனது நாந்தான்."

"பட்டியல் போட்டப்புறம் வந்து சொன்னா எப்படிம்மா? அவ முன்னாலயே ஆபீசுல சொன்னாங்கிறதுக்கு யாரு சாட்சி? சும்மா சொன்னா உங்க வேலையும் போயிரும்."

"போனா போவுது சார். சாட்சி யாரும் இல்ல."

அடப்பாவி மனுஷி! நான் நிற்பது அவளுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவே இல்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் இருக்கேன் சார். ஷமீரா அக்காகிட்ட சொல்லுறப்ப பக்கத்துலதான் நின்னேன்."

ஷமீரா பெயரை அடித்தார்கள். என் பெயரை எழுதினார்கள். அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

ஆறு மாசமாக வேலை தேடுகிறேன். அக்கா மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு அவள் சாட்சி கேட்டு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.