இரண்டு அப்பாமாரின் வழக்கு

போன மாரியில் அவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் தன் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். அம்புலன்ஸில் கூடப் போனவள் நான். அவசரப் பிரிவில் ஒரு நேர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டாள், நீங்கள் இவருக்கு யார் என்று. சொற்களை மேய்த்துத் திரிகிறவள் நான். வாக்கியம் வாக்கியமாக எழுதி, அதை அழித்து, அழித்ததையும் எழுதிப் பார்க்கிறவள். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை. சிநேகிதி என்றேன். வெளியே இருக்கச் சொன்னாள். அவருடைய மகள் வேலையிலிருந்து ஓடி வந்து உள்ளே போகும்வரை, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் அவருடைய சப்பாத்துகளைப் பிடித்தபடி நின்றேன்.

வீடு திரும்பிய பிறகு அவர்தான் கேட்டார்.

"டொக்டர் பைபாஸ் செய்யோணும் எண்டிறார். நாள் எப்பவும் வரலாம். அதுக்கு முதல் எழுதுவமே?"

எங்கள் ஊர்ப் பேச்சில் கலியாணப் பதிவுக்கு எழுத்து என்று பெயர். தாலி கட்டுவது ஒரு நாள், எழுத்து இன்னொரு நாள். எழுதுவமே என்று இந்த வயதில் ஒரு மனுசன் கேட்டால், எழுதுகிறவள் என்ன சொல்வாள்? ஓம் என்றேன்.

அவர் மனைவியை இழந்தவர். நான் விவாகரத்து ஆனவள். அப்படித்தான் இத்தனை வருடமாக எல்லா விண்ணப்பங்களிலும் புள்ளடி போட்டு வந்தேன். கலியாண லைசென்ஸ் எடுக்க வேண்டுமானால் நீதிமன்றம் கொடுத்த விவாகரத்துச் சான்றிதழைக் கொண்டு வரவேண்டும் என்று நகரசபையின் இணையப் பக்கம் சொன்னது. அலுமாரியைக் கிண்டினேன். பழைய கவிதைகள் இருந்தன, மகளிர் கருத்தரங்கு ஒன்றின் அழைப்பிதழ் இருந்தது, வரிப் பேப்பர்கள் இருந்தன. சான்றிதழ் இல்லை. தொலையவில்லை. என் கைக்கு வரவே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். பிரிந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகு நான் வேலை செய்த இடத்துக்கு யாரோ ஓர் ஆள் வந்து ஒரு கட்டுப் பேப்பரைத் தந்துவிட்டுப் போனான். என் முதல் புருசன் விவாகரத்து வழக்குப் போட்டிருந்தார். எதிர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. பதில் போடாவிட்டால் தன்பாட்டில் முடிந்துவிடும் என்றார்கள். போடவில்லை. முதல் பக்கத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு இரண்டு தரம் வீடு மாறினேன்.

றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் அக்காவுக்கு விசயத்தைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? கோயிலிலை ஐயரிட்டைச் சொல்லித் தாலியைக் கட்டிப்போட்டு இரன். ஆர் வந்து பேப்பர் கேக்கப்போகினம்?"

"நேர்ஸ் கேப்பாள்."

"தாலியைத் தூக்கிக் காட்டு."

அக்காவோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு சப்வே எடுத்தேன்.

டவுண்ரவுணில் நீதிமன்றக் கட்டடத்தின் வாசலில் கைப்பையை வாங்கி மெஷினுக்குள் விட்டார்கள். குடையை விரித்துப் பார்த்தார்கள். மேலே ஒரு நீண்ட அறை, கண்ணாடிக்குப் பின்னால் கவுண்டர்கள், நம்பர் துண்டு. காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். ஒரு பெண் பாணில் முட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிரிவு இப்படித்தான் மணக்கும் என்று இளமையில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்: ஈரக் கோட், முட்டை, அச்சு மை.

என் நம்பர் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் வழக்கிலக்கம் கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் இரண்டு பேருடைய குடும்பப் பெயரையும் சொல்லுங்கள், ஏறக்குறைய எந்த வருடம் என்றும் சொல்லுங்கள் என்றாள்.

அங்கேதான் என் நாக்கு நின்றது. கலியாணம் கட்டி வாழ்ந்த காலம் முழுக்க நான் புருசனுடைய பெயரை வாயால் சொன்னதில்லை. அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டா. தபால்காரர் கேட்டாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பா. நான் படித்தவள், மேடையில் பேசுகிறவள். ஆனாலும் அவரைக் கூப்பிட எனக்கு இருந்தது 'இஞ்சேருங்கோ' மட்டும்தான். பிரிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யாருக்காவது சொல்வதானால் 'அவர்' என்பேன். இப்போது ஒரு கண்ணாடி ஓட்டைக்குள் குனிந்து அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். காது சுட்டது.

அந்தப் பெண் என்னுடைய குடும்பப் பெயரைக் கேட்டாள். அதே பெயர்தான் என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஆம்பிளைக்கு முன்னால் அப்பாவின் பெயர், பின்னால் சொந்தப் பெயர். பெண்ணுக்குக் கட்டும்வரை அப்பாவின் பெயர், கட்டிய பிறகு புருசனின் பெயர். அவர் ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, கடைசியாக நின்ற சொல்லைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டான் அதிகாரி. ஆகவே அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராயிற்று, அவருடைய அப்பாவின் பெயர் முதற்பெயராயிற்று. ஃபக்டரியில் போர்மன் ஏசும்போதெல்லாம் என் மாமனாரின் பெயரைச் சொல்லித்தான் ஏசுவான். பிறகு நான் வந்தேன், வழக்கப்படி புருசனின் பெயரைப் பின்னால் வைத்துக்கொண்டேன். கனடாக்காரர் கண்ணுக்கு நாங்கள் ஒழுங்கான ஒரே பெயர்க் குடும்பம். வாயால் சொல்லக்கூடாத பெயரை லைசென்ஸிலும் ஹெல்த் கார்டிலும் தபால்பெட்டியிலும் ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். இல்லை. ஒரு எழுத்தை எடுத்துவிட்டுத் தட்டினாள், கூட்டித் தட்டினாள். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகவும் எழுதலாம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. இல்லை. வழக்கை எந்த வட்டாரத்தில் போட்டார்களோ அந்த நீதிமன்றத்தில்தான் கோப்பு இருக்கும் என்றாள், நியூமார்க்கெட்டில் இருக்கலாம், ஓஷவாவில் இருக்கலாம். எங்கே என்றே தெரியாவிட்டால் ஒட்டாவாவில் நாடு முழுவதுக்கும் ஒரு பதிவகம் இருக்கிறது, அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம், பதில் வரச் சுணங்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சிலவேளை வழக்கைத் தொடங்கிவிட்டு முடிக்காமலே விட்டிருப்பார்கள், அப்படியும் நடக்கிறது என்றாள்.

யூனியன் ரயில் நிலையத்தில் என் பிக்கரிங்காரரைச் சந்தித்தேன். பிக்கரிங் ட்ரெயினுக்கு நேரம் இருந்தது, கோப்பிக் கடையில் இருந்தோம். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"பேரே இல்லையாம். நான் இன்னும் முந்தின மனுசன்ரை மனிசியோ தெரியாது."

அவர் ரிக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் அடுத்தவன்ரை பெண்சாதியோடையோ ரிம் ஹோட்டன்ஸிலை இருந்து வடை தின்னுறன்?"

"இது டோநற்."

"நடுவிலை ஓட்டை இருக்குது. ரெண்டும் ஒண்டுதான்."

சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் அவர் சொன்னார், ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டிருந்தார்களாம், அடுத்த மாதக் கடைசியில் நாள் தரக்கூடுமாம். எனக்கு அந்தக் கோப்பி மெஷின் ஞாபகம் வந்தது.

அன்று வீட்டுக்குப் போகாமல் நிலையத்து வாங்கிலேயே இருந்து முன்னாள் கணவருக்கு ஃபோன் அடித்தேன். இன்னமும் சென் ஜேம்ஸ் ரவுணில், நாங்கள் முதன்முதல் குடியிருந்த அதே அடுக்குமாடித் தொகுதியில், வேறொரு கட்டடத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நம்பர் மாறியிருக்கவில்லை.

"ஹலோ."

"இஞ்சேருங்கோ," என்றேன். வேறு சொல் வாயில் இருக்கவில்லை.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ரீவிச் சத்தம். பிறகு ரீவி நின்றது.

"நீரோ? ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. எங்கடை டிவோஸ் பேப்பர் உங்களிட்டை இருக்கோ?"

"ஏன், அதை வைச்சும் கவிதை எழுதப்போறீரோ?"

"கலியாணம் எழுதப்போறன்."

"ஓ. மனுசன் நல்லவரோ?"

"ஓம்."

"சுகர் இருக்கோ?"

"சுகர் இல்லை. ஹாட்டிலை பிரச்சினை."

"அப்ப நான் திறமான சாமானாத்தான் இருந்திருக்கிறன். பாத்தீரே, கொலஸ்ரோல்கூட இல்லை."

"இஞ்சேருங்கோ, பகிடி விடாதேங்கோ. கோட்ஸிலை எங்கடை பேரிலை ஒண்டும் இல்லையாம். முடிஞ்சதோ முடியேல்லையோ?"

"முடிஞ்சதெண்டு கடிதம் வந்தது. வீடு மாறேக்கை எல்லாத்தையும் குப்பையிலை போட்டாச்சு. எனக்கு உது என்னத்துக்கு, நான் என்ன திரும்பிக் கட்டப்போறனே? டவுண்ரவுண் கோட்ஸ்தான். நல்லாப் பாக்கச் சொல்லும்."

"பாத்தவை. உங்கடை பேரைச் சொல்லித்தான் கேட்டனான்."

"என்ரை பேரைச் சொன்னனீரோ?" குரலில் நிசமான ஆச்சரியம். "வாயாலையோ?"

"எழுத்தெழுத்தா."

அவர் அதை ஒருதரம் ரசித்திருக்கவேண்டும். பிறகு, "அந்தப் பேரிலை இராது," என்றார். "எங்கடை லோயர் ஒரு பிடிவாதக்காரன் எல்லோ. இமிகிரேசன்காரன் தலைகீழாப் போட்ட பேர் எனக்கு வேண்டாம், எழுத்துத் துண்டிலை கிடக்கிற மாதிரித்தான் அடிப்பன் எண்டு நிண்டவர். தகப்பன் பேர்தான் குடும்பப் பேர் எண்டு வெள்ளைக்காரனுக்கு விளங்கப்படுத்த வேணுமாம்."

எனக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் எழுதிய எழுத்துத் துண்டில் அவருக்கு அவருடைய அப்பாவின் பெயர், எனக்கு என் அப்பாவின் பெயர். லோயர் அதையே பார்த்து அடித்திருக்கிறார்.

"அப்ப வழக்கு உங்கடை ஐயாவுக்கும் என்ரை அப்பாவுக்கும் எல்லோ நடந்திருக்குது!"

"அவை ரெண்டு பேரும் நேரை வந்திருந்தா முதல் தவணையே நடந்திராது. கோட்ஸ் வாசலிலை போத்தில் உடைச்சு, சம்பந்தி சம்பந்தியெண்டு கட்டிப்பிடிச்சு அழுதிருப்பினம்."

உண்மைதான். எங்கள் கலியாணத்தில் அதிக சந்தோசமாக இருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். இருவரும் இப்போது இல்லை. ஃபோனை வைக்கும் முன் அவர், "மனுசனைக் கவனமாப் பாரும்," என்றார். சரி என்றேன்.

அடுத்த தரம் போனபோது எழுத்துத் துண்டையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கொண்டு போனேன். அதே பெண். இரண்டு அப்பாமாரின் பெயர்களையும் சொன்னேன். இந்தப் பெயர்களைச் சொல்ல வாய் கூசவில்லை, பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்ட காலத்திலிருந்து என் அப்பாவின் பெயர் பழக்கம். அந்தப் பெண் தட்டினாள், திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள். அவருடைய அப்பா ஒரு பக்கம், என் அப்பா மறுபக்கம், நடுவில் ஒரு சிறிய ஆங்கில எழுத்து, எதிர் என்று சொல்வதற்கு. கலியாணத்தில் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து எதிரும் புதிருமாக இருந்தவர்களை அப்படிப் பார்த்தேன்.

வழக்கு இருக்கிறது என்றாள். முடிந்ததா என்று கேட்டேன். பழைய கோப்பு, களஞ்சியத்தில் இருக்கிறது, கொண்டு வந்து திறந்து கடைசி உத்தரவு இருக்கிறதா என்று பார்த்தால்தான் சொல்லமுடியும் என்றாள். சான்றிதழுக்கான கோரிக்கையை நிரப்பிக் கட்டணத்தைக் கட்டினேன். கூப்பிடுவோம் என்றாள்.

கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். இன்னும் வரவில்லை என்றார்கள். இதற்கிடையில் ஆஸ்பத்திரி நாளைக் குறித்துவிட்டது. அவர் மகளோடு பேசி, தேவையானதைச் சின்னப் பெட்டியில் அடுக்கி வைத்தார். அக்கா ஒவ்வொரு நாளும் ஐயரின் நம்பரை அனுப்பினாள். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன், எழுத இருந்து எழும்பினேன். ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே நினைத்தேன்: உத்தரவு இல்லாவிட்டால் முதலிலிருந்து வழக்குப் போடவேண்டும், அதற்கிடையில் அவரை உள்ளே கொண்டு போய்விடுவார்கள், அந்த நேர்ஸ் இல்லாவிட்டால் வேறொரு நேர்ஸ். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை மதியம் கூப்பிட்டார்கள். வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எதை என்று கேட்டேன். சான்றிதழை என்றது குரல், நான் என்னவோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டேன் என்பதுபோல.

ஒற்றைத் தாள். முத்திரை. இரண்டு அப்பாமாரையும் பின்னால் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும். கீழே, எந்த நாளிலிருந்து கலியாணம் இல்லாமற் போயிற்று என்று ஒரு திகதி. எத்தனையோ வருடத்துக்கு முந்திய ஒரு வசந்தகாலத்துத் திகதி. அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் இல்லை. வேலைக்குப் போயிருப்பேன். சோறு வைத்திருப்பேன். ஒரு கலியாணம் சத்தமில்லாமல் கழன்று விழுந்த நாளில், அனேகமாக உடுப்புத் தோய்த்திருப்பேன்.

வெளியே வந்து பிக்கரிங்குக்கு ஃபோன் அடித்தேன்.

"கிடைச்சிட்டுது. முடிஞ்சுதான் இருக்குது."

"பேர் வித்தியாசமாக் கிடக்க லைசென்ஸ் தருவினமோ?"

"எழுத்துத் துண்டையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் காட்டினாச் சரியாம். நகரசபைக்கு ஃபோன் பண்ணிக் கேட்டனான்."

"நகரசபை உங்கையிருந்து எவ்வளவு தூரம்?"

"நடக்கலாம்."

"எத்தினை மணி மட்டும் திறந்திருக்கும்?"

"பின்னேரம் நாலரை."

"உங்கையே நில்லுங்கோ. அடுத்த ட்ரெயினிலை வாறன்."

"ஓடி வராதேங்கோ, டொக்டர் சொன்னவர்."

"நான் ஏன் ஓடுறன்? ட்ரெயின் ஓடும். நான் இருப்பன்."

நீதிமன்ற வாசலில் ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது, அதில் இருந்தேன். காற்று. தாள் மடங்கிவிடக்கூடாதென்று மடியில் விரித்து, அதன்மேல் கைப்பையை வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.