நெட்டையனுக்குப் பிடித்த மூடுபனி

அருங்காட்சியகத்தில் பழைய கருவிகள் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் திருகாணி அண்ணன் என்று பெயர். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சின்னத் திருப்புளி இருக்கும். லென்ஸைத் துடைப்பதும் தளர்ந்ததை முடுக்குவதும் அவர் வேலை. பலகையில் எழுதியிருக்கும் பெயர்கள் அவருக்குத் தெரியாமல் இல்லை, பிடிக்காது, அவ்வளவுதான். தொலைநோக்கி அவருக்கு நெட்டையன். நுண்ணோக்கி, குனிஞ்சவன். ஒளியைப் பிரித்து நிறம் நிறமாகக் காட்டும் நிறமாலைமானி, மினுக்கி. ஒரே காட்சியின் இரண்டு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, சேர்த்துப் பார்த்தால் எழும்பி நிற்கவைக்கும் இருகண் படக்காட்டிக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தார். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தானே அதில் காரியம் நடக்கும்.

இந்த வருடம் நெட்டையனுக்கு உடம்பு சரியில்லை. ஜன்னல் வழியே தூரத்து மணிக்கூண்டைப் பார்த்தால் முள்ளைச் சுற்றி ஒரே பனிமூட்டம். அழுக்கு எங்கே என்று பிடிக்க அண்ணனிடம் ஒரு வழி உண்டு. கண் வைக்கும் முனையைத் திருகுவார். கறையும் கூடவே சுற்றினால் கோளாறு அந்த லென்ஸில். சுற்றாவிட்டால் அடுத்த லென்ஸ். நெட்டையனிடம் எதைத் திருகினாலும் பனி அசையவில்லை. மொத்தத்தையும் கழற்றித் துடைத்து மாட்டினார். பனி அப்படியே இருந்தது. பிறகு பார்த்தால் குனிஞ்சவனிடமும் பனி, மினுக்கியிடமும் பனி. கூடத்துக்கே பூஞ்சை பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினார்.

"நெட்டையன் இனிமே தேறமாட்டான் மேடம்" என்று காப்பாளரிடம் போய்ச் சொன்னார். அந்த அம்மாளும் பெட்டியில் கட்டிக் கிடங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். கிடங்குக்குப் போன எதுவும் மேலே வந்த சரித்திரம் கிடையாது.

பெட்டி வந்த அன்று மதியம் அவர் மறந்துபோன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மனைவி வந்தாள். கை சும்மா இராமல் சம்பந்திக்குள் இருந்த பாலத்தின் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பாலம் அப்படியே எழும்பி முன்னால நிக்குதே!"

அவரும் பார்த்தார். பாலம் தட்டையாகக் கிடந்தது. "படம் வெளிறிப்போச்சு. எழும்பாது" என்றார்.

"எனக்கு எழும்புது. உங்களுக்கு எழும்பலைன்னா கோளாறு படத்துலயா இருக்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது. சம்பந்தியைத் தவிர மற்ற எந்தக் கருவியிலும் அவர் வலது கண்ணால்தான் பார்ப்பார். இடதுகண் இத்தனை காலமும் உட்கார்ந்து சாப்பிட்ட கண். நெட்டையனிடம் போய் அதை மட்டும் திறந்துவைக்கப் பார்த்தால் வலதுகண் மூடத் தெரியாமல் முழித்தது. மனைவியே உள்ளங்கையால் பொத்திவிட்டாள். நெட்டையன் வழியாக மணிக்கூண்டு முள் பளிச்சென்று தெரிந்தது. ஊரில் உள்ள லென்ஸையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷர், தன் மண்டையில் இருந்த லென்ஸை மட்டும் நம்பிவிட்டார்.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. கண் மங்கியவனை லென்ஸ் துடைக்க யார் வைத்துக்கொள்வார்கள்?

"சொன்னா வேலை என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

"சொல்லலைன்னா இவன் கிடங்குக்குப் போயிடுவான். ஒரு தப்பும் பண்ணலையே இவன்."

பெட்டிக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவிட்டு நேரே காப்பாளர் அறைக்குப் போனார். மென்று விழுங்காமல் சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப நெட்டையன் நல்லாத்தான் இருக்கானா?"

"கல்லு மாதிரி இருக்கான் மேடம்."

"முதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கூடத்துல யாரும் திருப்புளியோட நுழையக் கூடாதுன்னு சொல்லிடறேன்."

அவர் தலையாட்டினார். வராந்தாவுக்கு வந்ததும் அழுதுவிட்டார்.

கண் மருத்துவமனையில் முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, டாக்டர் ஒரு கருவி வழியாக அவர் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்தே பழகியவருக்குப் பார்க்கப்படுவது கூச்சமாக இருந்தது.

"உள்ள இருக்கற லென்ஸ் மங்கிடுச்சுங்க. கண்புரை. எடுத்துட்டுப் புதுசு வச்சிடலாம்."

"துடைச்சுப் பார்க்க முடியாதா?"

"முடியாதுங்க" என்று டாக்டர் சிரித்தார்.

அண்ணன் சட்டைப்பையில் இருந்த திருப்புளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, கழட்டுங்க. மாட்டறப்ப மட்டும் ரொம்ப முடுக்கிடாதீங்க" என்றார்.