உட்கார்ந்திருக்கும் ராணி கேட்டோம்

எங்கள் பள்ளிக்கூடம் கொட்டகலையிலிருந்து மேலேறிப் போகிற பாதையில், தேயிலை மலைக்கு நடுவே இருக்கிறது. அங்கே நான் தமிழும் நாடகமும் படிப்பிக்கிறேன். கொழும்பில் இருக்கும் பெரிய அரங்கம் ஒன்று அடுத்த பருவத்தில் ஒரு வாரத்தைத் தமிழ் நாடகங்களுக்கு ஒதுக்கப்போவதாக ஒரு நாள் அதிபர் சொன்னார். என்ன நாடகம் போடலாம் என்று மலையகத்து மக்களிடமே கேட்க ஓர் அலுவலர் வரப்போகிறாராம். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது என் பொறுப்பு.

அன்று முழுக்க எனக்கு வகுப்பில் கவனம் இல்லை. அந்த அரங்கத்தை நான் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். வாசலில் பெரிய கண்ணாடிக் கதவுகள், உள்ளே சிவப்புக் கம்பளம் மாதிரி ஏதோ. அதற்குள் பஸ் திரும்பிவிடும்.

என் ஆசை ஒன்றே ஒன்றுதான். உண்மையான துன்பியல் நாடகம் ஒன்றைப் பார்க்க வேண்டும். கடைசிக் காட்சியில் எல்லோரும் செத்துக் கிடக்க, ஒரே ஒருவர் மட்டும் மிச்சமிருந்து நாலு வரி பேச வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன், ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பள்ளி மேடையில் முயற்சி செய்தபோது, இறந்துபோன இளவரசன் தும்மினான். பிறகு மரியாதையாக எழுந்து உட்கார்ந்து, "சொரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடி செத்தான். சபையில் கைதட்டல் அடங்கவே இல்லை. அவலச் சுவை என்றால் என்ன என்று அந்த வருடம் யாருக்கும் புரியவில்லை.

ஆள் சேர்க்கப் போனேன். முதலில் பிடித்தது எங்கள் கணித ஆசிரியரை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். நாடகம் என்றாலே அவருக்கு ஆகாது. சின்ன வயதில் ஒரு நாடகத்தில் அவரை அரண்மனைத் தூணாக நிறுத்தி வைத்தார்களாம், இடைவேளையில்கூட அசைய விடவில்லையாம். ஆனாலும் மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்ததால் வரச் சம்மதித்தார். அடுத்து கொட்டகலை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா. நாடகத்தில் கலியாணக் காட்சி ஒன்று இருக்க வேண்டும், வியாபாரி ஒருவனாவது நல்லவனாக இருக்க வேண்டும், இந்த இரண்டையும் சொல்லவே வருவேன் என்றார்.

மூன்றாவது ஆள் தானாகவே சேர்ந்தது. என் மாமியார் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் கூட்டத்தைப் பற்றிப் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தவர், பேசி முடித்ததும் கேட்டார்.

"அவங்க டீச்சருங்களத்தான் கேப்பாங்களா, இல்ல எங்களையும் கேப்பாங்களா?"

எல்லோரையும் கேட்பார்கள் என்றேன். அப்படியானால் நீலச் சேலையை இஸ்திரி போட்டு வை என்றார்.

அலுவலர் சனிக்கிழமை வந்தார். மெலிந்த இளைஞர், தோளில் துணிப்பை, மிக மென்மையான குரல். அவருக்கென்று முன்னால் நாங்கள் வைத்திருந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் குழப்பமாகிவிட்டது. விருந்தாளி கீழே உட்கார்ந்திருக்க நாங்கள் மேலே உட்காரலாமா? பாதிப் பேர் எழுந்து கீழே உட்கார்ந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் பாதி எழுந்தபடி நின்றார்கள். கடைசியில் அவர் பாவப்பட்டு நாற்காலிக்குப் போனார், எல்லோரும் மறுபடி ஏறி உட்கார்ந்தோம்.

அவர் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தார். இந்த மண்ணின் வலியை மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது தங்கள் எண்ணம் என்றும், மனம்விட்டுப் பேசுங்கள் என்றும் சொன்னார். வலி என்றதும் முன்வரிசையில் இருந்த மாமியார் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார். இடது முழங்காலில் ஆரம்பித்தார். தலவாக்கலையில் ஒரு வைத்தியர் கொடுத்த எண்ணெய், அது கேட்காமல் ஹட்டனில் எடுத்த எக்ஸ்ரே படம், குளிர் காலத்தில் அது எப்படி இடுப்புக்கு ஏறுகிறது என்பதெல்லாம் அந்தக் கருவியில் பதிவாகியிருக்கின்றன. அந்த இளைஞர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, தான் கேட்டது அந்த வலியை அல்ல, வாழ்க்கையின் வலியை என்று மெதுவாகச் சொன்னார். கூடை சுமக்கிற ஒரு பெண்ணின் கதையை நாடகமாகப் போட்டால் எப்படி இருக்கும் என்றும் கேட்டார்.

வெளியிலிருந்து பெரிய அமைப்பு ஏதாவது எங்களுக்கு நாடகம் போட வந்தால் அதில் எப்போதும் ஒரு கூடை இருக்கும். கூடைக்குள் ஒரு குழந்தை இருக்கும், அல்லது கூடைக்காரி மழையில் அழுவாள். நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டி அனுப்புவோம்.

"கூட வேணாம் தம்பி" என்றார் மாமியார். "அத நாங்க தெனம் பாக்குறோம். எனக்கு ஒரு ராணி வேணும். அவ ஒக்காந்தே இருக்கணும். தண்ணிக்குப் போகக்கூடாது, வெறகுக்குப் போகக்கூடாது. யாரு வந்து என்ன கேட்டாலும் பாப்போம்னு சொல்லணும். நாடகம் முடியிற வரைக்கும் எந்திரிக்கவே கூடாது."

"அப்ப கதை எப்படிம்மா நகரும்?"

"அது ஒங்க வேல."

அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. பேய் வேண்டும் என்றார்கள், அழகான வீடு வேண்டும் என்றார்கள், செத்தவர்கள் கடைசியில் எழுந்துவந்து கும்பிடக் கூடாது என்றார்கள். நானா தன் கலியாணத்தையும் நல்ல வியாபாரியையும் சொன்னார். கணித ஆசிரியர் எழுந்து, எந்த நாடகமானாலும் சரியான நேரத்துக்குத் தொடங்க வேண்டும், அதற்கு முன்னால் ஒருவரும் உரையாற்றக் கூடாது என்று சொல்லி உட்கார்ந்தார். மலைநாட்டிலிருந்து வரும் பகல் ரயில் கொழும்பை அடைந்த பிறகே நாடகம் தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரலாக இருந்தார்கள்.

கடைசியில் என் முறை வந்தது. துன்பியல் என்றேன், எல்லோரும் சாக வேண்டும் என்றேன். அருகில் இருந்தவர்கள் என்னை அக்கறையோடு பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு பெண்கள் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா டீச்சர் என்று விசாரித்தார்கள்.

சில மாதம் கழித்து அரங்கத்தின் பருவ நிகழ்ச்சி வாட்ஸ்அப்பில் வந்தது. நான் படபடப்போடு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். ஒரு சாவுகூட இல்லை. தமிழ் வாரத்தின் முதல் நாடகம் அரண்மனை நகைச்சுவை என்று போட்டிருந்தது. படத்தில் ஒரு ராணி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரிய அலுமாரி ஒன்று. தொடங்கும் நேரம் மாலை ஐந்து மணி, ரயிலுக்கு ஏற்ற மாதிரி. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவச அழைப்பும் இருந்தது.

போனை மாமியாரிடம் நீட்டினேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எழுதுனது யாரோ" என்றார். "சொன்னது நான்."

ஊரெல்லாம் அந்தச் செய்தி போயிற்று. அவரைப் பார்க்கிறவர்கள் ராணி சுகமா என்று கேட்டார்கள், அவரும் சுகம் என்று பதில் சொன்னார். எனக்குள் கொஞ்சம் பொறாமை இருந்தது உண்மை. பட்டம் படித்து, பாடத்திட்டம் முழுக்கக் கரைத்துக் குடித்த என் விருப்பத்தை விட்டுவிட்டு அவருடையதை எடுத்திருக்கிறார்கள்.

குறித்த நாளில் பத்துப் பதினைந்து பேர் கொட்டகலையில் ரயில் ஏறினோம். நாடகம் தொடங்கிய உடனே தூங்கிவிடும் வழக்கமுள்ள என் கணவரை வீட்டுக் காவலுக்கு வைத்துவிட்டு வந்தேன். மழை விடியற்காலையிலிருந்து பெய்துகொண்டிருந்தது. ஹட்டன் தாண்டி வட்டவளைக்குப் பக்கத்தில் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் மண் சரிந்து கிடக்கிறதாம், அள்ள ஆள் வந்திருக்கிறதாம். மாமியார் மத்தியானத்துக்கென்று சுட்டிருந்த ரொட்டியைப் பிரித்தார். அது தீர்ந்த பிறகும் ரயில் நின்றது. நானா கொண்டுவந்த வட்டிலப்பம் ராத்திரிக்கு, வெள்ளவத்தையில் நாங்கள் தங்கப்போகிற கணித ஆசிரியரின் அக்கா வீட்டுக்கு என்று எடுத்து வந்தது. அதுவும் வட்டவளையிலேயே தீர்ந்தது.

கொழும்பிலிருந்து அந்த இளைஞர் போன் எடுத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். வட்டவளை என்றேன். வெகுநேரம் கழித்து மறுபடி எடுத்தார். வட்டவளை என்றேன். மூன்றாவது முறை அவரே, வட்டவளையா என்று கேட்டுவிட்டு, நீங்கள் வரும்வரை தான் எப்படியாவது சமாளிப்பதாகச் சொன்னார். எப்படிச் சமாளித்தார் என்று பிறகு அறிந்தோம். ஐந்து மணிக்கு அவரே மேடையேறி, தமிழ் நாடகத்தின் வரலாற்றைப் பற்றி உரையாற்றத் தொடங்கியிருக்கிறார். சபையினர் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவர் நிறுத்துவதற்காகக் கைதட்டியிருக்கிறார்கள். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னொரு நூற்றாண்டு பேசியிருக்கிறார். அதற்கு மேல் நடிகர்களே வந்து அவரை அழைத்துப்போனார்களாம்.

நாங்கள் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, நனைந்த சேலைகளோடு மூன்று சக்கர வண்டிகளில் நெருக்கியடித்து ஏறி, அரங்கத்து வாசலுக்குப் போனபோது உள்ளே கூரை பறக்கிற மாதிரிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் கைவிளக்கைப் பிடித்து எங்களை இருட்டில் வழிநடத்தினார். சிவப்புக் கம்பளம் உண்மையிலேயே இருந்தது. அதன்மேல் என் செருப்பு சளக் சளக் என்று சத்தம் போட்டதால் நான் நுனிக்காலில் போனேன்.

மேடையில் ராணி உட்கார்ந்திருந்தாள். மூன்று அமைச்சர்கள் அவள்முன் குப்புறக் கிடந்தார்கள். ராணி ஒரு வார்த்தை சொன்னாள்: "பசிக்கிறது." அவ்வளவுதான், சபை குலுங்கியது. ஒருவர் நாற்காலிக் கையில் அடித்து அடித்துச் சிரித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மரியாதைக்குச் சிரித்தோம். அப்போது அலுமாரி திறந்தது. உள்ளேயிருந்து கிரீடம் வைத்த ஒருவன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ராணி அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். சிம்மாசனத்தில் ஆட்டுக்குட்டியை உட்கார வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், படியிறங்கி எங்கள் பக்கமாகவே நடந்து வெளியே போய்விட்டாள். திரை விழுந்தது. முடிந்துவிட்டது.

சபை எழுந்து நின்று கைதட்டியது. மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிச்சிட்டாளே" என்றார்.

வெளியே அந்த இளைஞர் எங்களை நோக்கி ஓடிவந்தார். பேசிப் பேசித் தொண்டை போயிருந்தது, காற்றுதான் வந்தது. ராணி நாடகம் முழுக்க உட்கார்ந்தேதான் இருந்தாள், கடைசியில் மட்டும்தான் எழுந்தாள் என்று மாமியாருக்குக் கையாலும் உடம்பாலும் விளங்கப்படுத்தினார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து காட்டினார். மாமியார் கேட்ட உட்காருதல் முழுவதும் நாங்கள் வட்டவளையில் இருந்தபோதே நடந்து முடிந்திருந்தது. கதை என்ன என்று நாங்கள் கேட்டதற்கு அவர் வாயைத் திறந்தார், இருமினார், கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை ரயிலில் திரும்பினோம். வண்டி புறப்பட்ட சிறிது நேரத்தில் கணித ஆசிரியர்தான் தொடங்கினார், நாடகமே பிடிக்காத மனிதர்.

"அலுமாரிக்குள்ள அந்த ஆள் எப்பிடி வந்தவர்? அதைச் சொல்லுங்கோ பாப்பம்."

அதற்குப் பிறகு ஹட்டன்வரை யாரும் வெளியே பார்க்கவில்லை. நானாவின் கணக்கில் அலுமாரிக்காரன் நேர்மையான ஆட்டு வியாபாரி, ராணியின் கலியாணத்துக்குக் கொண்டுவந்த ஆட்டை அமைச்சர்கள் திருடப் பார்த்ததால் ஒளிந்துகொண்டான். கணித ஆசிரியர் அதை மறுத்தார். கிரீடம் வியாபாரியிடம் எப்படி வந்தது? அவன் ராஜாதான், அவனைச் சின்ன வயதில் அசையாமல் நிற்கச் சொல்லி அலுமாரிக்குள் வைத்துவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். நான் விடுவேனா? ராணியின் பிள்ளைகள் அத்தனை பேரும் போரில் செத்துப்போய்விட்டார்கள், உயிரென்று அவளுக்கு மிஞ்சியது அந்த ஆட்டுக்குட்டி ஒன்றுதான் என்றேன். அப்படியானால் சபை ஏன் சிரித்தது என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். கொழும்பு ஆட்கள் என்றேன்.

எங்களோடு சம்பந்தமே இல்லாமல், எதிர் இருக்கையில் ஒரு சிங்களத் தம்பதி இருந்தார்கள். கணவருக்குத் தமிழ் தெரியும், மனைவிக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். நாவலப்பிட்டி வந்ததும் அந்த அம்மாள் தன் கருத்தைச் சொல்லி, கணவர் மூலம் எங்களுக்கு அனுப்பினார். ராணிக்கு அந்த அமைச்சர்களின் முகத்தைப் பார்த்துச் சலித்துப்போயிருக்கும், அவ்வளவுதான்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஜன்னலில் தேயிலை தெரியத் தொடங்கியபோது தன் தீர்ப்பைச் சொன்னார்.

"ஒக்காந்தே இருந்தா காலு மரத்துப் போகும். அதான் எந்திரிச்சா. வேற ஒன்னும் இல்ல." சற்று யோசித்து, "நான் கேட்டதுதான் தப்பு. ஒருமுற எந்திரிக்க விட்டிருக்கலாம்" என்றார்.

ஊரில் அந்த அலுமாரிக் கதை இன்னும் வளர்ந்துகொண்டிருக்க, சில வாரம் கழித்து அந்த இளைஞர் நாடகத்தின் முழு ஒளிப்பதிவையும் எனக்கு அனுப்பினார். மாமியார் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நல்ல நாடகம். கண்ணீர் வரச் சிரித்தேன். ராணி பசிக்கிறது என்று சொல்கிற இடம் வந்தபோது நானும் மேசையில் அடித்தேன். அலுமாரிக்காரன் யார் என்பதை எங்கள் ரயில் பெட்டியில் ஒருவர்கூடக் கிட்டத்தில் வந்து ஊகிக்கவில்லை.

மாமியார் திரும்பி வந்து, என் கண்ணையும் கையிலிருந்த போனையும் பார்த்தார்.

"முழுசா பாத்தியா புள்ள?"

"பாத்தேன் அத்த. உங்களுக்கும் போட்டுக் காட்டவா?"

அவர் திருநீற்றுப் பொட்டலத்தைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார்.

"வேணாம். யாருகிட்டயும் சொல்லவும் சொல்லாத. நானா இப்பதான் அந்த ஆட்டுக்காரனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காரு."