குளிர்காலப் புல்

பிள்ளைகளா, இங்கே அமீரகத்தில், அல் ஐனில் நான் தோட்டக்காரனாக இருக்கும் வீட்டில், வெயில் தணிந்த பிறகுதான் கோடைப் புல்லை ஒட்ட மழித்துவிட்டுக் குளிர்காலப் புல் விதைப்போம். இந்த வருடம் முதலாளி மகளின் கல்யாணத்துக்குள் தரை பச்சையாகிவிட வேண்டுமென்று நான் அவசரப்பட்டேன்.

“அண்ணே, சூடு இன்னும் அடங்கல. விதை வெந்துரும்,” என்றான் என்னோடு வேலை செய்பவன்.

“நீ என்ன வானிலை ஆபீசரா? மெஷினை எடு,” என்றேன்.

விதைத்த மறுநாளே அனல்காற்று கிளம்பியது. பத்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. முதலாளி வந்து மொட்டைத் தரையைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை கல்யாணம். புல் மாஃபி, நீயும் மாஃபி,” என்றார். மாஃபி என்றால் இல்லை என்று அர்த்தம்.

அவர் போனதும் அறைக்குள் போனேன். ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்ட பெட்டியை இழுத்து, அதன் பூட்டு திறக்கிறதா என்று பார்த்தேன்.