தேங்காய் எழுந்து நின்ற இடம்

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். சேந்தமங்கலம் பக்கத்துத் தோட்டத்தில் போர் போட இடம் பார்க்க, மாமனார் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். ஓரிடத்தில் அது எழுந்து நின்றது. அங்கேதான் தண்ணீராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிக் வண்டி நாளெல்லாம் துளைத்தும் புழுதிதான் பறந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

“தேங்காய் பொய் சொல்லாதுங்க மாப்ள. நாந்தான் கை வாட்ச்சைக் கழட்ட மறந்துட்டேன்” என்றார்.

தோற்ற பிறகும் அசையாத கொள்கை என்ன கொள்கை என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

மறுநாள் ஆய்வகத்தில் ஒரு மாணவிக்கு, விதிப்படி வரவேண்டிய விடை வரவில்லை. “விதி தப்பாகாதும்மா. நீ பியூரெட்டைச் சரியாக் கழுவியிருக்க மாட்டே. திரும்பச் செய்” என்றேன்.

அவள் கழுவப் போனாள். நல்லவேளை, மாமனார் பக்கத்தில் இல்லை.