மூன்றாவது பெட்டி

நர்சிங் கல்லூரியின் இணையப் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறவள் அவள். அலுவலகத்தில் எல்லாருக்கும் ‘பேஜ் அக்கா’. நாளைக் காலை நுழைவுத் தேர்வு. பல வருடமாக மாறாத தேர்வு இடம் இந்த முறை பழைய கட்டடத்திலிருந்து ஊரின் மறுகோடிக்கு மாறிவிட்டதை மூன்று நாள் முன்பே பக்கத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தாள். மதியம் தங்கை போன் செய்தாள். அவளும் நாளை தேர்வு எழுதுகிறாள்.

“அக்கா, பழைய கட்டடம்தானே?”

“மாத்தியாச்சுடி. பேஜைப் பாரு.”

“பார்த்துட்டுதான் கேக்கறேன். பழசுதான் இருக்கு. இரு, இப்ப புதுசு வருது. அடுத்த தடவை பார்த்தா மறுபடி பழசு.”

பேஜ் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாடியில் இரண்டு சர்வர்கள், பக்கத்தைப் பார்க்க வருகிறவர்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் கணினிகள். பக்கத்தை இயக்கும் நிரலை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாவற்றுக்கும் தானே போய்விடும்; அறிவிப்பைத்தான் ஒவ்வொன்றிலும் தனியாக ஏற்ற வேண்டும். அவள் வந்த பிறகு அறிவிப்பு மாறியது இதுதான் முதல் தடவை, இரண்டிலும் தன் கையாலேயே ஏற்றியிருக்கிறாள். பிறகு எது இந்த வேலையைச் செய்கிறது?

‘நீ எந்த சர்வர், முகவரி என்ன, பெயர் என்ன’ என்று கேட்டு, பதிலைப் பக்கத்தின் அடியில் காட்டச்சொல்லி நிரலில் ஒரு வரி சேர்த்தாள். பெயராக வந்தது கல்லூரித் தளத்தின் பெயரேதான். தேடி வந்தவர் கேட்ட பெயரை அப்படியே திருப்பிச் சொல்கிறது. முகவரியோ ஒவ்வொரு முறையும் 127.0.0.1. எந்தக் கணினியும் தன்னைத் தானே குறிப்பிட்டுக்கொள்ளும் எண் அது. கதவைத் தட்டுகிறவரை யாரென்று கேட்டால் ‘நான்தான்’ என்பார்களே, அந்தக் கதை. நல்ல பதில், போ.

வரியை மாற்றி, சர்வர் பெட்டிக்கு வைத்த சொந்தப் பெயரைக் கேட்டாள். மாடி-1 என்றது. மாடி-2 என்றது. மூன்றாவது முறை, பழைய அறிவிப்புக்குக் கீழே, ‘உபரி’ என்றது.

அப்படி ஒரு பெட்டியை அவள் கேள்விப்பட்டதே இல்லை. மாடி, கிடங்கு, கேபிள் போகும் இடமெல்லாம் அலசிவிட்டு, தனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவருக்குப் போன் போட்டாள்.

“உபரியா? உங்க மேஜைக்கு அடியில இருக்கும்மா. ஒரு சர்வர் படுத்துடுச்சுன்னு அவசரத்துக்குச் சேர்த்தேன். எடுக்க மறந்துட்டேன் போல.”

“இங்க வேலை செய்யாத பெட்டி ஒண்ணுதான் சார் இருக்கு.”

“தொட்டுப் பாருங்க, சூடா இருக்கும்.”

தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஏசி குளிருக்கு இதமாக ஒரு வருடமாய் அதன் மேல்தான் காலை வைத்துக்கொண்டிருக்கிறாள். ஓடாத பெட்டி எப்படிச் சூடாகும் என்று ஒரு நாளாவது யோசித்தாளா? அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் அவள்மேலேயே திரும்பியது.

வயரைப் பிடுங்கினாள். தங்கைக்கு இப்போது புதிய இடம் மட்டுமே வந்தது. ஆனால் மூன்று நாளாகப் பழசைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் மறுபடியும் எதற்குப் பார்க்கப்போகிறார்கள்?

மறுநாள் காலை ஏழு மணிக்கே கல்லூரி வேனோடு பழைய கட்டடத்தின் வாசலில் போய் நின்றாள். பதினோரு பேர் வந்தார்கள். கடைசியாக ஓடிவந்த பெண் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தாள்.

“இந்த அட்ரஸைப் பேஜ்ல யாருக்கா விட்டு வச்சிருந்தாங்க?”

பேஜ் அக்கா வேன் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“நான்தான்” என்றாள்.